மிரளும் முயலை அமைதிப்படுத்துவது எப்படி?

புறக்கடையில் இரண்டு கூண்டும், காலையும் மாலையும் ஒரு பிடி பசுந்தழையும் இருந்தால் முயல் வளர்க்கலாம் என்பது பலரும் அறிந்ததே. வருமானத்திற்காகப் பத்து இருபது முயல்கள் வைத்திருப்போரும் உண்டு. பிள்ளைகளின் ஆசைக்காக ஒரு சோடி வாங்கி வளர்ப்போரும் உண்டு. இரு சாராரிடமும் ஒரு குறை பொதுவாகக் கேட்கப்படுகிறது. "வாங்கி வந்தபோது சாதுவாகத்தான் இருந்தது. இப்போது கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது, இரவெல்லாம் காலை உதைக்கிறது, கையை விட்டால் பாய்ந்து வருகிறது, ஈன்ற குட்டிகளையே தின்றுவிட்டது" என்பதே அக்குறை.

இப்படிப்பட்ட முயலைக் கெட்ட குணமுள்ளது என்றும், ராசியில்லாதது என்றும் முடிவு செய்து கழித்துவிடுகிறார்கள். அடுத்து வாங்கும் முயலையும் அதே கூண்டில், அதே இடத்தில், அதே முறையில் வைக்கிறார்கள். சில மாதங்களில் அதுவும் அதே குணத்தைக் காட்டுகிறது. ஆகவே குறை முயலிடம் மட்டும் இல்லை. முயலின் மிரட்சியும் பரபரப்பும் ஏதோ ஒரு துன்பத்தின் வெளி அடையாளங்கள். அந்த அடையாளத்தை அடக்க முயலாமல், காரணத்தைக் கண்டு அகற்றினால் பெரும்பாலான முயல்கள் அமைதியடையும். அதற்கான வழிமுறைகளை இக்கட்டுரையில் காண்போம்.

முயலின் இயல்பு

நாம் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட், சாம்பல் ஜெயன்ட் ஆகிய எல்லா இனங்களும் ஐரோப்பிய முயலிலிருந்து தோன்றியவை. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அமைந்த பகுதியே அதன் தாயகம். அது மண்ணில் வளை தோண்டி, கூட்டமாக வாழும் பிராணி. பகலில் குளிர்ந்த வளைக்குள் படுத்திருந்து, அந்தியிலும் வைகறையிலும் வெளியே வந்து மேயும்.

நம் வயல்வெளிகளில் ஓடும் காட்டு முயல் வேறு வகையைச் சேர்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. எனவே அதைப் பிடித்து வந்து கூண்டில் அடைத்தல் கூடாது.

முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. அதன் உடலமைப்பே இதற்கேற்ப அமைந்துள்ளது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பின்னாலும் மேலேயும் நடப்பது அதற்குத் தெரியும். ஆனால் மூக்கிற்கு நேர் முன்னே உள்ள சிறு பகுதி தெரியாது. நீண்ட காதுகள் சிறு ஓசையையும் கேட்கும். தலைக்கு மேலிருந்து ஒரு கை இறங்கினால், பருந்து பாய்வதைப் போன்றே அதற்குத் தோன்றும். நாம் அன்பாகத் தூக்கும்போதும் அது உயிருக்குப் போராடுவதன் காரணம் இதுவே.

அச்சம் வந்தவுடன் முயலின் இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகளுக்கு இரத்தம் விரைகிறது. குடலின் இயக்கம் மெதுவாகிறது. சிறிது நேர அச்சம் தானே தணிந்துவிடும். நாள்தோறும் இந்நிலை தொடர்ந்தால் அதை அயர்ச்சி என்கிறோம். அயர்ச்சியுற்ற முயல் தீவனத்தைக் குறைக்கும். குடல் இயக்கம் தடைப்படும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றும். உடலில் அடங்கிக் கிடந்த இரத்தக் கழிச்சலும் சளி நோயும் தலைதூக்கும். ஆகவே முயலின் பரபரப்பை வெறும் குணக்கேடு என்று தள்ளிவிடுவது நட்டத்தில் கொண்டு விடும்.

எவை இயல்பானவை?

முதலில், இயல்பான செயல்களைக் குறை என்று கருதாமல் இருக்க வேண்டும்.

1. நண்பகலில் முடங்கிப் படுத்திருப்பதும், அந்தியிலும் இரவிலும் சுறுசுறுப்பாக நடமாடுவதும் இயல்பு.

2. துள்ளிக் குதித்து நடுவானில் உடலைத் திருப்புவது மகிழ்ச்சியின் அறிகுறி, வலிப்பு அன்று.

3. மோவாயைக் கூண்டிலும் தண்ணீர்க் கிண்ணத்திலும் தேய்ப்பது, தன் மணத்தைப் பதித்து இடத்தைத் தனதாக்கிக் கொள்வதாகும்.

4. ஆசனவாயிலிருந்து வரும் மென்மையான, பளபளப்பான புழுக்கையை நேராக வாயால் எடுத்து உண்பது அதன் செரிமான முறை. இதனால் உயிர்ச்சத்துகளும் புரதமும் மீண்டும் உடலில் சேர்கின்றன. இதைத் தடுக்கக் கூடாது.

துன்பத்தைக் காட்டும் அறிகுறிகள்

பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தல்: அபாயம் நெருங்குகிறது என்று பிற முயல்களுக்கு அறிவிக்கும் முறை இது. இரவில் அடிக்கடி இவ்வோசை கேட்டால், பூனை, நாய், கீரி, பாம்பு, பெருச்சாளி இவற்றுள் ஏதோ ஒன்று கூண்டருகே வந்து போகிறது என்று கொள்ள வேண்டும்.

காதுகளை முதுகோடு ஒட்டி, உடலைத் தரையோடு அழுத்தி, கண்களை அகல விரித்திருத்தல்: மிகுந்த அச்சம்.

கூண்டுக் கம்பியை ஓயாமல் கடித்தல், தரையைப் பறண்டுதல்: இடமின்மை, வேலையின்மை, நார்த் தீவனக் குறைவு அல்லது இனச்சேர்க்கை வேட்கை.

தன் உரோமத்தையோ, உடனிருக்கும் முயலின் உரோமத்தையோ பிடுங்குதல்: நெருக்கடி, நார்ச்சத்துக் குறைவு, சொறி நோய் இவற்றுள் ஒன்று. பெண் முயலாயின் சினையோ, பொய்ச் சினையோ காரணமாகலாம்.

உறுமிக்கொண்டு முன்னங்காலால் அடித்தல், கடித்தல்: தன் இடத்தையோ குட்டிகளையோ காத்தல், அல்லது தொட்ட இடத்தில் வலி.

மூலையில் கூனிக்குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று உரக்கக் கடித்தல்: கடும் வலி. உடனடியாகக் கவனிக்க வேண்டியது. தடவிக் கொடுக்கும்போது மெல்லக் கேட்கும் பல்லோசை இதனின்று வேறுபட்டது. அது சுகத்தின் அறிகுறி.

முதலில் நோயைத் தேடுங்கள்

எந்த மாற்றத்தையும் செய்யுமுன் முயலின் உடலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நோயுற்ற முயலுக்குப் பெரிய கூண்டு தருவதால் மட்டும் பயன் விளையாது.

காதின் உட்புறத்தைப் பாருங்கள். பழுப்பு நிறப் பொருக்கு அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அது காதுச் சொறி. கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிப் பூச்சிகளால் வருவது. அரிப்புத் தாங்காமல் முயல் தலையை உதறும், பின்னங்காலால் காதைச் சொறியும், இரவெல்லாம் அமைதியின்றி இருக்கும். பொருக்கைப் பிய்த்து எடுக்கக் கூடாது. புண்ணாகி வலி மிகும். கால்நடை மருத்துவர் எடைக்கேற்ற அளவில் ஐவர்மெக்டின் மருந்து அளித்தால் குணமாகும். ஒரே கொட்டகையில் உள்ள மற்ற முயல்களையும் அன்றே சோதிக்க வேண்டும். மூக்கு நுனி, உதடு, கால் விரல் ஆகிய இடங்களில் வெண்பொருக்குக் காணப்பட்டால் அது உடற்சொறி. இது மனிதருக்கும் அரிப்பை உண்டாக்கக் கூடியது. கையாண்டபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

உள்ளங்காலைப் பாருங்கள். கம்பித் தரையில் ஓயாது நிற்கும் முயலுக்குக் குதிகாலில் உரோமம் உதிர்ந்து புண் உண்டாகும். அம்முயல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்கும்.

பற்களைப் பாருங்கள். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. மேலும் கீழும் பொருந்தாமல் நீண்டுவிட்டால் உண்ண முடியாது, எச்சில் வடியும், தீவனத்தருகே வந்து வந்து திரும்பும்.

ஒரே பக்கமாகத் தலை சாய்ந்து வட்டமிட்டால் உட்காதிலோ மூளையிலோ நோய் இருக்கலாம். தலை நேராக இருக்க, காலைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது பெரும்பாலும் இனச்சேர்க்கை வேட்கையே.

எல்லாவற்றிற்கும் மேலாக, நாள்தோறும் காலையில் கூண்டின் கீழே புழுக்கையைப் பாருங்கள். ஒரு முயல் 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடுவது ஆபத்து. குடல் இயக்கம் நின்றுபோனால் உயிருக்கே கேடு. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் எஞ்சிய மருந்துகளை முயலுக்குக் கொடுத்தல் கூடாது. குறிப்பாகப் பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின் ஆகிய மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, கொடிய கழிச்சல் கண்டு முயல் இறக்க நேரிடும்.

வெப்பம் பெரும் பகை

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடைபெறும் இடங்களைக் கவனித்தால் ஒன்று விளங்கும். மன்னவனூர் கொடைக்கானல் மலையில் உள்ளது. சாண்டிநல்லா நீலகிரியில் உள்ளது. இரண்டும் குளிர்ந்த இடங்கள். முயலுக்கு ஏற்ற வெப்பநிலை 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை. 30 டிகிரியைத் தாண்டினால் அயர்ச்சி தொடங்குகிறது. 35 டிகிரிக்கு மேல் உயிருக்கு ஆபத்து. நம் சமவெளி மாவட்டங்களில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியை எட்டுவதுண்டு. முயலுக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி இல்லை. காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

வெப்ப அயர்ச்சியில் முயல் முதலில் இடம் மாறி மாறிப் படுக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்க்கும். பின்பு நீட்டிப் படுத்து விரைந்து மூச்சு வாங்கும், காதுகள் சிவக்கும், மூக்கும் வாயும் ஈரமாகும். ஆண் முயலின் விந்து தரம் குறைவதால் வெயில் தணிந்தபின்னும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சினை பிடிப்பது குறையும். பெண் முயலில் குறை கண்டு கழிப்போர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெயில் காலத்தில் செய்ய வேண்டியவை:

1. கொட்டகைக்குத் தென்னங்கீற்று அல்லது பனையோலைக் கூரை சிறந்தது. தகரமோ கல்நார்த் தகடோ இருந்தால் அதன்மேல் கீற்றைப் பரப்பி, நீர் தெளிக்கவும். அல்லது சுண்ணாம்பு அடிக்கவும்.

2. மேற்குப் பக்கத்தில் நனைத்த கோணிப்பையைத் தொங்கவிடவும். காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது; ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் துன்பம் மிகும்.

3. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். மண்சட்டி நல்லது, குளிர்ச்சியாகவும் இருக்கும், எளிதில் கவிழாது.

4. அடர் தீவனத்தை விடியற்காலையிலும், பசுந்தீவனத்தில் பெரும்பகுதியை இருட்டியபின்னும் அளிக்கவும்.

5. நண்பகலில் தூக்குதல், எடை போடுதல், வண்டியில் கொண்டு செல்லுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

மூச்சு வாங்கும் முயலை நிழலுக்குக் கொண்டு வந்து, ஈரத்துணியால் காதுகளைத் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கி எடுப்பது தவறு. அந்த அதிர்ச்சியே முயலைக் கொன்றுவிடும்.

கூண்டும் இடமும்

வளர்ந்த ஆண் முயல் ஒன்றுக்கு 4 சதுர அடியும், தாய் முயலுக்கு 5 சதுர அடியும், வளரும் குட்டிக்கு 1.5 சதுர அடியும் தேவை. இது குறைந்த அளவே. முயல் உடலை முழுதும் நீட்டிப் படுக்கவும், பின்னங்காலில் நிமிர்ந்து உட்காரவும் இடம் வேண்டும். வீட்டில் ஒன்றிரண்டு வளர்ப்போர், மாலையில் ஒரு மணி நேரமாவது அடைப்புள்ள முற்றத்தில் கண்காணிப்புடன் ஓடவிடுவது நலம்.

கம்பித் தரையின் ஒரு பகுதியில் மரப்பலகை ஒன்றைப் போடவும். முயல் அதன்மேல் நின்று காலுக்கு ஓய்வு கொடுக்கும். பலகை நனைந்தால் மாற்றிவிட வேண்டும்.

முயலுக்கு மறைவிடம் இன்றியமையாதது. வளையில் வாழும் பிராணிக்கு ஓடி ஒளிய இடமில்லாவிட்டால் அச்சம் தணிவதற்கு வழியில்லை. ஒரு பக்கம் திறந்த மரப்பெட்டி, கவிழ்த்து வாய் வெட்டிய பெரிய மண்பானை, இருபுறமும் திறந்த அட்டைப்பெட்டி ஆகியவற்றுள் ஒன்று போதும். செலவு மிகக் குறைவு, பலனோ பெரிது. மறைவிடத்திற்குள் இருக்கும் முயலை இழுத்து வெளியே எடுக்கக் கூடாது.

கூண்டைத் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் அமைத்தால் நாயும் பெருச்சாளியும் எட்டுவது கடினமாகும். கூண்டின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. இரவில் நாய் கூண்டைத் தொடாவிட்டாலும், சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்ப்பதே முயலுக்குப் பெருந்துன்பம். எனவே கூண்டைச் சுற்றி இரண்டடி தள்ளி வேலியோ வலையோ அமைக்கவும்.

மாவு அரைக்கும் எந்திரம், நீர் இறைக்கும் மோட்டார், ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகே கூண்டை வைத்தல் ஆகாது. தீபாவளிப் பட்டாசு, ஊர்த் திருவிழா வேட்டு ஆகியவற்றின்போது கூண்டை உள்ளறைக்கு மாற்றி, மூன்று பக்கமும் கோணியால் மறைத்து, மறைவிடத்தில் வைக்கோல் நிரப்பி வைக்கவும். அந்த நாட்களில் சினை முயலைத் தூக்கவே வேண்டாம்.

தீவனத்தால் வரும் அமைதி

முயல் நாளின் பெரும்பகுதியை மெல்லுவதிலேயே கழிக்கும் பிராணி. கையளவு அடர் தீவனத்தைப் பத்து நிமிடத்தில் தின்று முடித்தபின் மீதி நேரமெல்லாம் அதற்கு வேலையில்லை. கம்பியைக் கடிக்கத் தொடங்கும். எனவே நார்ச்சத்து மிகுந்த உலர்ந்த புல் எந்நேரமும் கிடைக்க வேண்டும். காய்ந்த கொழுக்கட்டைப் புல், முயல் மசால், குதிரை மசால் ஆகியவை நல்லவை. வேலி மசால், அகத்தி, கல்யாண முருங்கை, முசுக்கொட்டைத் தழை ஆகியவற்றைக் கலந்து அளிக்கலாம். கொய்யா, முசுக்கொட்டை ஆகியவற்றின் குச்சிகளைக் கடிக்கப் போடவும். பூச்சி மருந்து தெளித்த தழையைக் கொடுக்கக் கூடாது. அரளி, எருக்கு, ஆமணக்கு ஆகியவை நஞ்சு.

சூபாபுல் எனும் சவுண்டல் தழையை மிகுதியாகத் தின்ற முயலுக்கு, அதிலுள்ள மைமோசின் என்னும் பொருளால் உரோமம் உதிரும். உரோம உதிர்வைக் கண்டு சொறி என்று மருந்திடுமுன், தீவனத்தில் சூபாபுல் எவ்வளவு என்பதையும் பார்க்கவும்.

தீவனத்தைத் திடீரென்று மாற்றக் கூடாது. பழைய தீவனத்துடன் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றவும். புதிய முயல் வாங்கும்போது, அங்கே தின்று பழகிய தீவனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வருவது நலம்.

சேர்த்து வைப்பதும் பிரித்து வைப்பதும்

முயல்கள் மூன்று மாத வயதை அடைந்ததும் ஆணையும் பெண்ணையும் பிரிக்க வேண்டும். பருவமடைந்த இரு ஆண் முயல்களை ஒரே கூண்டில் விட்டால் விரைப்பையைக் கிழிக்கும் அளவிற்குச் சண்டையிடும். ஆனால் தனிமையும் முயலுக்கு உகந்ததன்று. பக்கத்துக் கூண்டில் மற்றொரு முயலைப் பார்க்கவும் மோந்து அறியவும் இயலும்படி அமைப்பது நடுவழி.

இனச்சேர்க்கைக்குப் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் பெண் முயல் தன் இடத்தைக் காக்க ஆணைத் தாக்கும்.

சேர்த்தும் சினை பிடிக்காத பெண் முயலுக்குப் பொய்ச் சினை வருவதுண்டு. அப்போது அது மடி கனத்து, வயிற்று உரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டி, அருகில் வந்தால் உறுமும். 16 முதல் 18 நாட்களில் இந்நிலை தானே தணியும். உண்மைச் சினைக்காலம் 28 முதல் 32 நாட்கள். சேர்த்த தேதியைக் கூண்டில் ஒரு அட்டையில் எழுதி வைத்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

தாய் முயலும் குட்டிகளும்

முயல் வளர்ப்பில் மிகுந்த நட்டமும் மன வருத்தமும் இங்கேதான் நேர்கின்றன. தாய் குட்டியைத் தின்பதும், பெட்டிக்கு வெளியே ஈன்று விடுவதும், மிதித்துக் கொல்வதும் பெரும்பாலும் நம்மால் தடுக்கக் கூடியவையே.

ஈனுவதற்குப் பெட்டி வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். சினையான 27ஆம் நாளில் சுத்தமான உலர்ந்த வைக்கோல் பரப்பி, கூண்டின் இருண்ட மூலையில் வைக்கவும். முன்னதாகவே வைத்தால் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். தாமதித்தால் கம்பித் தரையிலேயே ஈன்றுவிடும். தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். இது நோயன்று.

ஈனும் வேளையில் தாய்க்குத் தாகம் மிகுதி. குட்டியைத் தின்பதற்குத் தண்ணீரின்மையும் ஒரு காரணமாகும். 28ஆம் நாளிலிருந்து கிண்ணம் ஒருபோதும் வற்றாதபடி பார்த்துக் கொள்ளவும். புரதக் குறைவு, ஈன்றவுடன் கூட்டம் கூடிப் பார்த்தல், நாய் பூனை நடமாட்டம், முதல் ஈற்றின் பழக்கமின்மை ஆகியவை மற்ற காரணங்கள். செத்துப் பிறந்த குட்டியைத் தாய் தின்பது கூட்டைச் சுத்தம் செய்யும் இயல்பு. அதை வைத்துத் தாயைப் பழிக்கக் கூடாது.

பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. தாய் முயல் குட்டிகளுக்கு நாளொன்றுக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான் பாலூட்டும். அதுவும் இரவிலோ வைகறையிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் முடித்துவிடும். மற்ற நேரமெல்லாம் பெட்டியை விட்டு விலகியே இருக்கும். தன் மணத்தால் பகை விலங்குகள் கூட்டைக் கண்டுகொள்ளாதிருக்க இயற்கை அமைத்த ஏற்பாடு இது. இதை அறியாதவர்கள், "தாய் குட்டிகளைச் சேர்க்கவில்லை" என்று பதறி, நாளில் பத்து முறை தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் அமுக்குகிறார்கள். தாய் மிரண்டு குதிக்கிறது, குட்டிகள் நசுங்குகின்றன. காக்கப் போய்க் கெடுத்த கதையாகிறது.

பால் குடித்தனவா என்பதைக் குட்டிகளே காட்டும். காலையில் தாய் தீவனம் தின்னும்போது ஒரு முறை மட்டும் பெட்டியைப் பார்க்கவும். பார்க்குமுன் தாயின் படுக்கை வைக்கோலில் கைகளைத் தேய்த்துக் கொள்ளவும். வயிறு உருண்டு, தோல் வழுவழுப்பாக, குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி அமைதியாக உறங்கினால் பால் போதும். தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, கையை நீட்டியதும் துள்ளினால் பசி. இரண்டு நாள் தொடர்ந்து பசித்தால் மட்டும் தாயை மெல்லப் பிடித்து, ஒரு நாளைக்கு ஒரு முறை பாலூட்டச் செய்யலாம். இறந்த குட்டிகளை அன்றன்றே அகற்றவும். குட்டிகள் எட்டுக்கு மேல் இருந்தால், இரண்டொரு நாள் முன்பின் ஈன்ற வேறு தாயிடம் மிகையானவற்றைச் சேர்க்கலாம்.

குட்டிகள் 10 முதல் 12 நாட்களில் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் பெட்டியை விட்டு வெளிவரும். அதுவரை பிள்ளைகளும் அண்டை வீட்டாரும் வந்து பார்ப்பதைத் தள்ளிப் போடுவது நலம்.

முதல் ஈற்றில் குட்டிகளை இழந்த தாயை உடனே கழிக்க வேண்டாம். பெட்டி, தண்ணீர், தீவனம், அமைதி ஆகிய நான்கையும் சரி செய்து இன்னும் ஓரிரு ஈற்றுக்கு வாய்ப்புத் தரவும். பெரும்பாலானவை நல்ல தாயாகும். எல்லாம் சரியாக இருந்தும் மூன்றாம் முறையும் குட்டிகளைக் கெடுத்தால், அதன்பின் இனப்பெருக்கத்திலிருந்து நீக்கலாம்.

கையாளும் முறை

காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். காது மென்மையான இரத்தக் குழாய்கள் நிறைந்த உறுப்பு. உடல் எடையைத் தாங்காது. ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்பகுதியின் கீழும் கொடுத்து, உங்கள் உடலோடு அணைத்துத் தூக்கவும். பின்பகுதிக்குப் பிடிமானம் இல்லாவிட்டால் முயல் உதறி உதைக்கும். அவ்வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக் கொண்டு பின்னங்கால்கள் விளங்காமல் போவதுண்டு.

சிறுவர்கள் முயலைத் தூக்குவதைவிட, தரையில் உட்கார்ந்து கையில் தழையைப் பிடித்துக் காத்திருக்கப் பழக்கவும். முயல் தானே வந்து உண்ணட்டும். நெற்றியிலும் கன்னத்திலும் தடவலாம். மோவாயையும் வயிற்றையும் தொடுவதை முயல் விரும்பாது. மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கும் முயலைச் "சொக்கிப் போயிற்று" என்று மகிழ்வது தவறு. அது அச்சத்தால் உறைந்த நிலை.

ஒரு வார ஒழுங்கு

பரபரப்பான முயலுக்குக் கீழ்க்கண்ட முறையைக் கடைப்பிடித்துப் பாருங்கள்.

முதல் நாள்: காது, கால், பல், புழுக்கை ஆகியவற்றைச் சோதித்து, நோய் இருந்தால் மருத்துவரிடம் செல்லவும். இல்லையெனில் கூண்டை நிழலும் அமைதியும் உள்ள இடத்திற்கு மாற்றி, மறைவிடமும் பலகையும் வைக்கவும்.

இரண்டாம், மூன்றாம் நாட்கள்: தீவனமும் நீரும் வைப்பதைத் தவிர வேறு எதற்கும் கூண்டுக்குள் கை விட வேண்டாம். தீவன நேரம் நாள்தோறும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒருவரே வைப்பது நலம். வரும்போது மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டு வரவும்.

நான்காம், ஐந்தாம் நாட்கள்: மாலையில் கால் மணி நேரம் கூண்டருகே பேசாமல் உட்காரவும். கையில் தழையை நீட்டவும். வராவிட்டால் வைத்துவிட்டு எழுந்துவிடவும்.

ஆறாம், ஏழாம் நாட்கள்: தழையை உண்ண வந்தால், பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டு சென்று நெற்றியில் ஒரு முறை தடவி நிறுத்திக் கொள்ளவும்.

ஒரு வாரத்தில் பழகாத முயலுக்கு மேலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அடித்தல், நீர் தெளித்தல், மூக்கில் சுண்டுதல் ஆகிய தண்டனைகளால் முயல் ஒன்றையும் கற்றுக்கொள்வதில்லை. கையைக் கண்டால் அஞ்ச மட்டுமே கற்கும்.

முடிவுரை

முயல் எளிதில் வாய்விட்டு அழுவதில்லை. பசு கத்தும், நாய் குரைக்கும், கோழி கொக்கரிக்கும். முயலோ காலை உதைக்கும், கம்பியைக் கடிக்கும், மூலையில் ஒடுங்கும். அவ்வளவே அதன் மொழி. நோய், வெப்பம், அச்சம், இடநெருக்கடி, நார்ச்சத்துக் குறைவு, பொருந்தாத துணை, ஈற்றுக் காலத் தொந்தரவு ஆகிய இந்த ஏழையும் வரிசையாகத் தேடிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபடும். அதை நீக்குவதற்கான செலவு ஒரு மண்பானையும், ஒரு பலகையும், நான்கு கோணிப்பைகளும், சற்றுப் பொறுமையுமே. ஐயம் ஏற்படின் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறவும். முயலைக் கழிக்குமுன் கூண்டை ஒரு முறை திருத்திப் பாருங்கள். தாயும் தங்கும், குட்டிகளும் பிழைக்கும்.